படிப்பகத்துக்கு மூன்று நாளிதழ்தான் கட்டுப்படியாகும்: எந்த மூன்று?

#1 குற்றாலச்சாரல் (இழை தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். தென்காசிக்கு வடக்கே ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் ஒரு படிப்பகம் இருக்கிறது. என் அப்பா காலத்து ஆட்கள் வீட்டுக்கு வீடு நெல் வாங்கி, அதை விற்றுக் கட்டியது. ஒரு கூடம், இரண்டு பெஞ்சு, சுவரில் ஒரு கரும்பலகை. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதே அங்கே கிடந்த நாளிதழ்த் தலைப்புகளை வைத்துத்தான்.

ஒரு காலத்தில் ஏழு நாளிதழ் வந்தது. 2020 ஊரடங்கில் எல்லாவற்றையும் நிறுத்தினோம். பிறகு இரண்டை மட்டும் திரும்பப் போட்டோம். வரும் சித்திரையிலிருந்து மூன்றாக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்கு மேல் சந்தா கட்ட வழியில்லை.

எந்த மூன்று என்று கேட்கக் காரணம் உண்டு. போன வருடம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கல்குவாரிக்காகப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. கூட்டம் முடிந்து நான்கு நாள் கழித்துத்தான் எங்களுக்கே தெரியும். போய்க் கேட்டால், "முறைப்படி இரண்டு நாளிதழில் அறிவிப்புக் கொடுத்தாயிற்று" என்றார்கள். அது உண்மைதான், கட்டிங்கைக் காட்டினார்கள். அந்த இரண்டு நாளிதழும் நாங்கள் ஊரடங்கில் நிறுத்தியவை.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. பத்திரிகை விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பழைய டெஸ்க்

தம்பி, படித்ததும் மனசு கனத்துவிட்டது. முப்பது வருடம் நாளிதழ்களில் உதவி ஆசிரியராக இருந்தவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் கேள்விக்கான வகைப்பாட்டைச் சட்டமே வைத்திருக்கிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006 செப்டம்பரில் வந்தது. கருத்துக்கேட்புக் கூட்டத்தை ஒரு பெரிய தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் செய்ய வேண்டும், குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்கிறது அது. 2020இல் வந்த வரைவில் அந்த 30 நாளை 20 ஆக்கப் பார்த்தார்கள். 2013 நிலமெடுப்புச் சட்டத்தில் இன்னும் கொஞ்சம் தெளிவு உண்டு: அந்தப் பகுதியில் புழங்கும் இரண்டு நாளிதழ், அதில் ஒன்று வட்டார மொழியில்.

ஆனால் 'தேசிய நாளிதழ்' என்று எழுதியவர்கள் மனதில் இருந்தது ஆங்கிலம். உங்கள் ஊரில் அதை யார் பிரிப்பார்கள்? அடுத்தது, எந்தப் பதிப்பு, எத்தனையாம் பக்கம் என்ற பேச்சே அந்த வரியில் கிடையாது. ஆறாம் பக்கத்து மூலையில் தீப்பெட்டி அளவுக்கு வந்தாலும் சட்டத்துக்குப் போதும்.

இன்னொன்றும் அதே அறிவிக்கையில் இருக்கிறது. நாளிதழ் போய்ச் சேராத இடங்களில் தண்டோரா போட்டும், வானொலி, தொலைக்காட்சி வழியாகவும் சொல்ல வேண்டும். "எங்கள் ஊருக்கு அந்த இரண்டும் வருவதில்லை" என்று நீங்கள் எழுத்தில் கொடுத்தீர்களா? இனிமேலாவது கொடுங்கள்.

#3 திசைகாட்டி

அண்ணா, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் தீர்வு நாளிதழா என்பதில் எனக்குச் சந்தேகம். நான் கோயம்புத்தூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். காகிதத்தைக் கையில் எடுத்து ஐந்து வருடம் ஆகிறது. மூன்று நாளிதழுக்கு ஆகும் காசில் ஒரு நல்ல டேப்லட்டும் மின்னிதழ்ச் சந்தாவும் வாங்கிவிடலாம். ஒரே திரையில் எல்லா மாவட்டப் பதிப்பும் கிடைக்கும். ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தால் யாராவது அறிவிப்பைப் பார்த்ததும் போட்டுவிடுவார்கள்.

#4 விடியக்கட்டு

நான் பேப்பர் ஏஜென்ட். தென்காசி மாவட்டம்தான், ஊர் வேண்டாம். 27 வருசமா கட்டு பிரிக்கிறேன். தம்பி திசைகாட்டி, வாட்ஸ்அப்புல யாராவது போடுவாங்கன்னு சொல்றீங்க. அந்த 'யாராவது' யாரு? எங்க ஊர்க் குழுவுல காலை வணக்கம் வரும், கோயில் கொடை நோட்டீஸ் வரும். குவாரி அறிவிப்பு வந்து நான் பார்த்ததில்ல. அண்ணாச்சி ஊர்லயும் குழு இருந்திருக்கும்ல?

மூணரை மணிக்கு வேன் வரும். கட்டைப் பிரிச்சு, இணைப்பைச் சொருகி, பையன்களுக்கு லைன் பிரிச்சுக் குடுத்து, ஆறரைக்குள்ள வீட்டு வாசல்ல விழணும். இப்ப பையன்கள் கிடைக்கல, நானும் என் சம்சாரமும்தான் ஆளுக்கு ஒரு வண்டியில போறோம்.

அண்ணாச்சிக்கு ஒரு விஷயம். நீங்க 'இங்கிலீஷ் பேப்பர்'னு கேட்டா எது வருதுன்னு மட்டும் பார்க்காதீங்க, எங்கே அடிச்சு வருதுன்னு பாருங்க. எனக்கு வர்றதுல ஒண்ணு மதுரையில அடிச்சு வருது. அது ராத்திரி சீக்கிரம் முடிஞ்சிரும். தமிழ்ப் பேப்பர் பெரும்பாலும் திருநெல்வேலியில அடிக்கிறது. அதுல நடுராத்திரிச் செய்தியும் இருக்கும், நம்ம ஏரியா பக்கமும் இருக்கும்.

2023 டிசம்பர்ல நடந்ததைச் சொல்லணும். மாச ஆரம்பத்துல சென்னையில வெள்ளம். எல்லாப் பேப்பர்லயும் முதல் பக்கம், டெல்லி வரைக்கும் பேச்சு. ரெண்டு வாரம் கழிச்சு 17, 18ஆம் தேதி நம்ம பக்கம் அடிச்சுச்சு. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்துல ஒரு ரயிலே நடுவழியில நின்னுச்சு. வெளியூர்ப் பேப்பர்ல அந்த ரயில்தான் பெரிய செய்தி. தாமிரபரணிக் கரையில வாழை போனது, மாடு போனது எல்லாம் நம்ம மாவட்டப் பக்கத்தோட நின்னு போச்சு. தூத்துக்குடியில இருக்கிற என் மச்சானுக்கு ரெண்டு நாள் கட்டே வரல. அவங்க கதையை அவங்களே படிக்கல.

#5 தேர்வுமேசை

டெல்லியில் தங்கிக் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிறேன். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். படிப்பகத்தில் ஒரு ஆங்கில நாளிதழ் கண்டிப்பாக இருக்கட்டும், அண்ணா. பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. எனக்கு அது கிடைக்காததால் கல்லூரி மூன்றாம் ஆண்டில்தான் முதல்முதலாக ஒரு தலையங்கம் படித்தேன்.

தேசிய நாளிதழ் என்ற சொல்லைப் பற்றி இங்கே வந்த பிறகு நிறைய யோசித்தேன். டெல்லிக் காற்று மோசமானால் அது நாட்டுச் செய்தி. தூத்துக்குடிக் காற்று மோசமானால் தூத்துக்குடிச் செய்தி. நாளிதழ் எந்த நகரத்தில் இருக்கிறதோ அந்த நகரத்தின் வானிலைதான் 'தேசம்' ஆகிவிடுகிறது.

#6 பழைய டெஸ்க்

தேர்வுமேசை சொன்னது சரியான இடத்தைத் தொடுகிறது. கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டின் பழைய ஆங்கில நாளிதழ்கள் பல துறைமுக நகரங்களில் பிறந்தவை. டைம்ஸ் ஆஃப் இந்தியா 1838இல் பம்பாயில், வணிகர்களுக்கான இதழாக. இந்து 1878இல் சென்னையில், கடன் வாங்கிய ஒரு ரூபாய் பன்னிரண்டு அணாவில், 80 பிரதி அடித்து, வார இதழாக. ஆக 'தேசிய' நாளிதழ் என்பது தன் நகரத்தைத் தாண்டிப் போன மாநகர நாளிதழ்தான். எப்படித் தாண்டியது என்றால், வண்டியாலும் கம்பியாலும். ரயில் பிடிக்கும் ஊர்களுக்கு முன்னிரவிலேயே அடித்து அனுப்புவது 'டாக் எடிஷன்'. இந்து 1963இல் சொந்த விமானங்களில் கட்டுகளை ஏற்றியது. 1969இல் பக்கத்தையே நகலாக வெளியூருக்கு அனுப்பி அங்கேயே அச்சிடும் முறை வந்தது. 1986இல் அது செயற்கைக்கோள் வழியாக நடந்தது. தூரத்து வாசகர் பழைய செய்தி படிக்கும் கொடுமை அதோடு குறைந்தது.

அந்த இதழே எவ்வளவு தூரம் ஒரு நகரத்தின் இதழ் என்பதற்கு 2015 டிசம்பர் 2 சாட்சி. வெள்ளத்தில் ஊழியர்களால் மறைமலைநகர் அச்சகத்துக்குப் போக முடியவில்லை. 1878க்குப் பிறகு முதன்முறையாக அன்று சென்னைப் பதிப்பு வரவில்லை. மற்ற ஊர்ப் பதிப்புகள் வந்தன.

வட்டார மொழி நாளிதழ்களின் கதை வேறு. பெரும்பாலும் அவை தலைநகரத்தில் பிறக்கவில்லை. தினத்தந்தியை சி.பா. ஆதித்தனார் 1942இல் தொடங்கியது மதுரையில். அதே 1942இல் இந்தி நாளிதழ் தைனிக் ஜாக்ரண் ஜான்சியில். மலையாள மனோரமா கோட்டயத்தில், மாத்ருபூமி கோழிக்கோட்டில். தெலுங்கின் ஈநாடு 1974இல் ஹைதராபாத்தில் தொடங்கவில்லை, விசாகப்பட்டினத்தில் தொடங்கியது. உங்கள் பகுதிக்கே நெருக்கமான கதை தினமலர். டி.வி. ராமசுப்பையர் 1951இல் திருவனந்தபுரத்தில் அதைத் தொடங்கியபோது, திருவிதாங்கூரில் இருந்த தமிழ்ப் பகுதிகளை இந்தப் பக்கம் சேர்க்கும் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. 1956இல் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்மோடு சேர்ந்தன. அடுத்த ஆண்டு அந்த நாளிதழ் திருநெல்வேலிக்கு வந்தது. ஒரு எல்லைக்கோட்டுக்காகப் பிறந்த நாளிதழ் என்று அதைச் சொல்வேன்.

தினமணி 1934இல் பாரதி நினைவு நாளான செப்டம்பர் 11இல் சென்னையில் வந்தது. ஆனால் முதல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் உங்கள் தென்காசிக்காரர். இனிஷியலில் இருக்கும் 'டி' தென்காசிதான்.

விற்பனையைப் பார்த்தாலும் இந்தியின் தைனிக் பாஸ்கர், ஜாக்ரண், மலையாளத்தின் மனோரமா போன்றவை ஆங்கில நாளிதழ்களோடு சரிக்குச் சரி நிற்கின்றன, பல ஆண்டுகள் முந்தியும் இருக்கின்றன. ஆனாலும் அவற்றின் பெயர் 'வட்டாரம்'. பெயரிடும் இடம் டெல்லியிலும் மும்பையிலும் இருப்பதால் அப்படி.

#7 குற்றாலச்சாரல்

ஐயா, சொக்கலிங்கம் ஐயா எங்கள் ஊர்க்காரர் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். இதைப் படிப்பகக் கரும்பலகையில் எழுதப் போகிறேன்.

இவ்வளவையும் படித்த பிறகு ஒரு குழப்பம். வட்டார நாளிதழ்கள் இவ்வளவு பெரிதாக வளர்ந்தும், மாவட்டத்துக்கு நாலு பக்கம் போட்டும், எங்கள் குவாரி ஏன் செய்தியாகவில்லை? அறிவிப்பு விளம்பரம் வந்தது. செய்தி ஒரு வரியும் வரவில்லை.

#8 வரிச்செய்தி

அதற்கு நான் பதில் சொல்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தென் மாவட்டம் ஒன்றில் பகுதிநேர நிருபராகப் பதினோரு வருடம் இருந்தேன். நாளிதழின் பெயர் சொல்லமாட்டேன்.

எனக்குச் சம்பளம் கிடையாது. செய்தி எத்தனை வந்ததோ அதற்கேற்ப ஒரு தொகை. அது பெட்ரோலுக்கே காணாது. பொங்கல், தீபாவளி, ஆண்டு மலர் என்று வரும்போது "விளம்பரம் பிடித்துக் கொடு" என்பார்கள். அதில் வரும் கமிஷன்தான் என் வீட்டு அரிசி. என் தாலுகாவில் முழுப் பக்க விளம்பரம் கொடுக்கிற வசதி யாருக்கு இருந்தது? குவாரி வைத்திருப்பவர், மருத்துவமனை வைத்திருப்பவர், பள்ளிக்கூடம் நடத்துகிறவர். காலையில் அவரிடம் விளம்பரத்துக்கு நின்றவன் மாலையில் அவருடைய குவாரியைப் பற்றி எழுத முடியுமா?

ஒருமுறை எழுதினேன். வெடி வைத்ததில் வீட்டுச் சுவரில் விரிசல் விட்ட செய்தி. செய்தியைத் தேர்ந்தெடுத்துப் போடும் டெஸ்கில் இருந்தவர் நல்ல மனிதர், அதைப் போட்டார். மறுநாள் ஒரு சந்தோஷம், அதற்கு மறுநாள் ஒரு தொலைபேசி. அந்த வருடம் என் தாலுகாவில் விளம்பரம் விழவில்லை. அடுத்த வருடம் அந்த வேலையில் நான் இல்லை.

உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் 1955இலேயே வந்தது. ஊதியக் குழுக்கள் வந்தன, மஜிதியா குழுவின் பரிந்துரையை 2014இல் உச்ச நீதிமன்றமும் செல்லும் என்றது. என்னைப் போல அடையாள அட்டை மட்டும் வைத்திருந்தவன் வாசல்படிக்கு அதில் எதுவும் வந்து சேரவில்லை.

இப்போது ஒரு கடையில் கணக்கெழுதுகிறேன். அந்தச் சுவர் விரிசல் செய்தியின் கட்டிங் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

#9 விடியக்கட்டு

தம்பி வரிச்செய்தி, அந்த மாதிரிச் செய்தி வர்ற அன்னிக்கு எங்களுக்குத் தெரியும். பத்து பிரதி கூடக் கேட்டு வருவாங்க, எட்டு மணிக்கெல்லாம் கடையில ஒண்ணும் மிஞ்சாது. உங்க பேரு யாருக்கும் தெரியாது. ஆனா படிச்சாங்க. அதை நான் சொல்லணும்.

#10 திசைகாட்டி

வரிச்செய்தி அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன். ஆனால் இது என் சந்தேகத்தை வலுவாக்கவே செய்கிறது. மாவட்டப் பக்கம் என்பது மாவட்டத்து விளம்பரத்துக்காக வந்தது என்றால், அதில் உண்மை எப்படி வரும்? பிறகு எதற்கு அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

#11 நெல்லூர் வாசகி

திசைகாட்டி தம்பி, முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. திருமணமாகி நெல்லூர் வந்து இருபத்தெட்டு வருடம். இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

ஈநாடு 1989இல் மாவட்டத்துக்கு ஒரு சிறிய தனி இணைப்பு என்ற முறையைக் கொண்டுவந்தது. உங்கள் கணிப்புப்படி அது வியாபாரக் கணக்குதான். ஹைதராபாத் பக்கத்தில் விளம்பரம் போட வசதியில்லாத புடவைக்கடைக்காரர் தன் மாவட்டத்துக்கு மட்டும் போடலாம். அதன் பிறகு மற்ற மொழிகளிலும் எல்லோரும் அதைப் பின்பற்றினார்கள்.

அந்தப் பக்கங்கள் வந்த சில வருடத்தில்தான் இந்த நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டா கிராமத்தில் அறிவொளி வகுப்பு நடந்தது. பாடப் புத்தகத்தில் சீதம்மா என்ற பெண்ணின் கதை, சாராயத்தால் குடும்பம் அழிந்த கதை. அதைப் படித்த பெண்கள் ரோசம்மா என்ற பெண்ணின் தலைமையில் ஊர்ச் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது 1992. இந்தச் செய்தி மாவட்டப் பக்கத்தில் நின்றிருந்தால் அடுத்த மாவட்டத்துக்குக்கூடத் தெரிந்திருக்காது. அந்த நாளிதழ் அதை எடுத்து மாநிலம் முழுக்கப் போட்டது, நாள் தவறாமல் போட்டது. ஒரு ஊரைப் பார்த்து இன்னொரு ஊர் எழுந்தது. 1993 அக்டோபரில் சாராயத்துக்குத் தடை, 1995 தொடக்கத்தில் முழு மதுவிலக்கு. 1997இல் அதைத் தளர்த்திவிட்டார்கள், அது வேறு துக்கம்.

ஆக மாவட்டப் பக்கத்தைச் சுற்றி ஒரு சுவர் இருக்கிறது. ஆசிரியர் மனம் வைத்தால் அதில் கதவும் இருக்கிறது.

ஒரு கேள்வி, குற்றாலச்சாரல் அண்ணாச்சி. உங்கள் படிப்பகத்துக்குள் பெண்கள் வருகிறார்களா?

#12 குற்றாலச்சாரல்

அக்கா, உண்மையைச் சொல்ல வேண்டும். வருவதில்லை. வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை, வந்தும் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் பாதி வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். குவாரித் தூசி முதலில் விழுவது அவர்கள் முறத்தில்தான். நீங்கள் கேட்கும்வரை இதை நான் யோசித்ததே இல்லை.

#13 புனலூர்ப் பாதை

மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். நான் புனலூரில் இருக்கும் தமிழன், வீட்டில் மலையாள நாளிதழும் தமிழ் நாளிதழும் வாங்குகிறேன்.

உங்கள் குவாரிக் கல்லும் எம்-சாண்டும் புளியரைச் சோதனைச்சாவடி தாண்டி எங்கள் பக்கம் வருகிறது. கொல்லம் மாவட்டப் பக்கத்தில் கல் விலை ஏறியது, லாரி வரவில்லை, கட்டட வேலை நின்றது என்று செய்தி வரும். உங்கள் பக்கத்து நாளிதழில் அதிக பாரம் ஏற்றிய லாரி, சாலை உடைந்தது என்று வரும். இரண்டும் ஒரே லாரிதான். இரண்டையும் ஒருசேரப் படிக்கிறவர்கள் ஆரியங்காவு கணவாயின் இரு பக்கமும் சேர்த்து எத்தனை பேர் இருப்போம்?

முல்லைப்பெரியாறிலும் இதுதான். 2011 கடைசியில் இங்கே அணை உடையும் என்ற பயத்தை மலையாள நாளிதழில் படித்துவிட்டு, அணை பலமாக இருக்கிறது என்ற உறுதியைத் தமிழ் நாளிதழில் படிப்பேன். 2014 மே மாதம் 142 அடி தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது ஒன்றில் வெற்றி, மற்றொன்றில் துக்கம். என் வீட்டு மேசையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அன்று தேனியில் உள்ளவர் மலையாளத் தலைப்பையும் இடுக்கியில் உள்ளவர் தமிழ்த் தலைப்பையும் யாராவது மொழிபெயர்த்துச் சொல்லிக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

பெண்கள் பற்றிய பேச்சு வந்ததால்: கண்ணூர்ப் பக்கத்துப் பீடிக் கம்பெனிகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் நாளிதழை உரக்கப் படிப்பார், மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். படிக்கிறவருக்கு அந்த நேரக் கூலி போகாமல், அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சேர்ந்து சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் ஊரிலும் பீடி இருக்கிறது, நாளிதழ் இருக்கிறது.

#14 தேர்வுமேசை

புனலூர் அண்ணா, அருமை.

சிறிய நாளிதழைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். ஹரியானாவின் சிர்சா என்ற ஊரில் 'பூரா சச்' என்று ஒரு மாலை நாளிதழ். பெயருக்கு 'முழு உண்மை' என்று பொருள். ஆசிரியர் ராம் சந்தர் சத்ரபதி. அந்த ஊரில் பெரும் செல்வாக்குள்ள தேரா (ஆன்மிக மடம்) ஒன்றில் பெண்களுக்கு நடந்த கொடுமையைச் சொல்லும் பெயரில்லாக் கடிதத்தை 2002இல் அவர் வெளியிட்டார். அக்டோபரில் அவரை வீட்டு வாசலில் சுட்டார்கள். நவம்பரில் இறந்தார். அந்தப் பாலியல் வன்கொடுமை வழக்கில் தேராவின் தலைவருக்குத் தண்டனை வந்தது 2017இல். அன்று நாட்டின் எல்லா நாளிதழிலும் முதல் பக்கம். பதினைந்து வருடம் முன்பு அதை அச்சில் ஏற்றியது சிர்சாவுக்கு வெளியே யாரும் கேள்விப்படாத ஒரு தாள்.

அதே 2002இல்தான் சித்திரகூடத்தில் கிராமத்துப் பெண்களே எழுதி, தங்கள் புந்தேலிப் பேச்சுமொழியில் 'கபர் லஹரியா' கொண்டுவந்தார்கள்.

#15 திசைகாட்டி

அப்படியானால் சிறியவை ஏன் நிலைக்கவில்லை? இப்போது உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

#16 பழைய டெஸ்க்

நல்ல கேள்வி, தம்பி. நாளிதழின் விலை அதன் காகிதக் காசுக்கே போதாது. மிச்சத்தை விளம்பரம் தாங்குகிறது. விளம்பரம் பெரியவரிடம் போகும், பெரியவர் அந்தக் காசில் பக்கத்தைக் கூட்டி விலையைக் குறைப்பார், சிறியவர் படுத்துவிடுவார்.

இதை 1954லேயே முதல் பத்திரிகை ஆணையம் கண்டு சொன்னது. எத்தனை பக்கம் போட்டால் என்ன விலை என்று அரசே நிர்ணயித்தால் சிறிய இதழ்கள் பிழைக்கும் என்றது. 1956இல் அதற்குச் சட்டம் வந்தது. அதை எதிர்த்து நீதிமன்றம் போனது பூனாவின் மராத்தி நாளிதழ் சகால். அதுவும் வட்டார நாளிதழ்தான் என்பதைக் கவனியுங்கள். விலையைக் கூட்டினால் வாசகர் குறைவார், பக்கத்தைக் குறைத்தால் கருத்து குறையும், இரண்டும் பேச்சுரிமையில் கைவைப்பதே என்று 1961இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது.

நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தத் தீர்ப்பை நினைத்துக் குழம்பியிருக்கிறேன். அரசின் கையில் பக்க அளவைக் கொடுப்பது ஆபத்து, அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் அந்தக் கதவை மூடியபின் சிறிய இதழ்களுக்கு வேறு கதவு எதையும் யாரும் திறக்கவில்லை. அவை ஒவ்வொன்றாக நின்றுபோனதை டெஸ்கில் இருந்து பார்த்தேன். 2019இல் அச்சுக்காகித இறக்குமதிக்கு 10 சதவீத வரி போட்டு, அடுத்த ஆண்டு 5 ஆகக் குறைத்தார்கள். அதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது.

திசைகாட்டி, மின்னிதழைப் பற்றி நீங்கள் #3இல் சொன்னதை நான் மறுக்கவில்லை. மாவட்டச் சுவரைத் தாண்ட இன்று இருக்கும் நல்ல வழி அதுதான். ஒரு சிக்கல்: அறிவிப்பு விளம்பரங்கள் மின்னிதழில் பெரும்பாலும் படமாகத்தான் இருக்கும், ஊர்ப் பெயர் போட்டுத் தேடினால் சிக்காது. யாராவது தினமும் பக்கம் பக்கமாகக் கண்ணால் பார்க்க வேண்டும்.

#17 திசைகாட்டி

ஐயா, அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். தினமும் காலை ஆறிலிருந்து ஆறரை. என் காசில் இரண்டு மின்னிதழ்ச் சந்தா போட்டுவிட்டேன். தென்காசி, திருநெல்வேலி, விருதுநகர் பக்கங்களில் கருத்துக்கேட்பு, நிலமெடுப்பு, ஏலம் என்று எது வந்தாலும் குற்றாலச்சாரல் அண்ணாவுக்கு அனுப்புகிறேன். காகிதம் வேண்டாம் என்று சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். நான் அனுப்புவதை ஊரில் நாலு பேர் உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும், அந்த இடத்தைக் காகிதம்தான் திறந்து வைத்திருக்கிறது.

#18 விடியக்கட்டு

அண்ணாச்சி, மூணு பேப்பர் கணக்கு நான் சொல்றேன். தமிழ் ரெண்டு, ரெண்டும் வேற வேற முதலாளி. ஒருத்தர் விடுறதை இன்னொருத்தர் போடுவார். இங்கிலீஷ் ஒண்ணு, அது அறிவிப்புக்கும் பிள்ளைகளுக்கும். அந்த இங்கிலீஷ் சந்தாவுல பாதி என் கணக்கு. வேண்டாம்னு சொல்லாதீங்க.

#19 புனலூர்ப் பாதை

நான்காவது என்னுடையது. கொல்லம் மாவட்டப் பக்கத்தில் குவாரி, லாரி, கல் விலை என்று வருவதை வெட்டித் தமிழில் இரண்டு வரி எழுதி, சனிக்கிழமை தென்காசி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். கண்டக்டர் தெரிந்தவர்.

#20 குற்றாலச்சாரல்

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். சித்திரை ஒன்றிலிருந்து ஆரம்பித்து இன்று பத்தொன்பதாவது நாள். விடியக்கட்டு அண்ணாச்சி சொன்னபடி மூன்று போட்டிருக்கிறோம். பழைய டெஸ்க் ஐயா சொன்ன மனுவைக் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்து, ரசீது வாங்கி, கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். எந்த நாளிதழ்கள் எங்கள் ஊருக்கு வருகின்றன, எவை வருவதில்லை என்று அதில் பட்டியல் இருக்கிறது.

நெல்லூர் அக்காவுக்கு: சாயங்காலம் பீடிக் கடையில் பெண்கள் பீடியை எண்ணிக் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். முக்கால் மணி நேரம் ஆகும். பன்னிரண்டாம் வகுப்பு எழுதியிருக்கும் என் தங்கை மகள் அங்கே போய் நின்று மாவட்டப் பக்கத்தையும் அறிவிப்புகளையும் உரக்கப் படிக்கிறாள். முதல் இரண்டு நாள் வெட்கப்பட்டாள். மூன்றாம் நாள் ஒரு பாட்டி, "அந்தப் பொடி எழுத்தை இன்னொரு தடவை வாசி" என்றாராம்.

வரிச்செய்தி அண்ணா, உங்கள் பர்ஸில் இருக்கும் அந்தக் கட்டிங்கின் படத்தை எனக்குத் தனியாக அனுப்ப முடியுமா? எங்கள் ஊரிலும் மூன்று வீட்டுச் சுவரில் விரிசல் இருக்கிறது. அதை எப்படி எழுதினால் டெஸ்கில் எடுப்பார்கள் என்று நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

#21 வரிச்செய்தி

அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். அளக்க டேப்பும், தேதி தெரிகிற மாதிரி படமெடுக்க அன்றைய நாளிதழ் ஒன்றும் எடுத்து வையுங்கள்.